ஒரே மூலக்கூறோடு இருபத்திரண்டு ஆண்டுகள்

 

2009 அக்டோபர் 7 அன்று வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் என மூவருக்கும் சமபங்கு. முதலாமவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர் என்று தெரிந்ததும் நம் ஊர் பூரித்துப்போனது. அந்தப் பூரிப்பில், அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தோம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். மூன்று வயதிலேயே ஊரை விட்டு வந்துவிட்டேன், அங்கே பள்ளியிலோ கல்லூரியிலோ படித்ததில்லை என்று அவரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சொன்னது நியாயம். பிறந்த மண் என்ற ஒன்றைக் காட்டி நாம் அதிகம் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ளும் கடமை மற்ற ஊர்களைவிட நமக்கு ஒரு படி கூடுதலாகவே இருக்கிறது. பரிசைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த வேலையைப் பற்றி இங்கே பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தந்தை சி.வி. ராமகிருஷ்ணன், தாய் ஆர். ராஜலட்சுமி, இருவரும் விஞ்ஞானிகள். மகன் பிறந்தபோது தந்தை அமெரிக்காவில் ஆய்வில் இருந்தார். பின்னர் தாய் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1950களில் கைக்குழந்தையை வீட்டாரிடம் விட்டுவிட்டுக் கடல் கடந்து படித்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. குடும்பம் பரோடாவில் குடியேறியது. தங்கை லலிதா ராமகிருஷ்ணன் இன்று காசநோய் ஆய்வில் உலகறிந்தவர்.

ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி. இரண்டு நுழைவுத் தேர்வுகளிலும் ராமகிருஷ்ணனுக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தும், அடிப்படை அறிவியல் படிப்போருக்கான தேசிய உதவித்தொகை வந்ததால் இயற்பியலைத் தேர்ந்தெடுத்தார். 1971இல் இளங்கலை; 1976இல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பட்டம் கைக்கு வந்த நேரத்தில், இந்தத் துறை தனக்கானதல்ல என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. கலிபோர்னியாவில் சான் டியேகோ போய், முனைவர் பட்டத்தோடு மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். எம்.எஸ்சி. முடித்தபின் துறை மாறத் தயங்கும் பிள்ளைகள் இந்த அவையில் இருப்பீர்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் சேர்ந்தார். அங்கேதான் ரைபோசோம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது. நம் ஒவ்வோர் உயிரணுவிலும் புரதம் தயாராகும் இடம் அது. டி.என்.ஏ.வில் உள்ள செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. படியெடுத்து வரும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரியதாகக் கடத்து ஆர்.என்.ஏ. சுமந்து வரும் அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். பாக்டீரியாவின் ரைபோசோமில் இரண்டு பகுதிகள்: செய்தியைப் படிப்பது 30எஸ், அமினோ அமிலங்களைப் பிணைப்பது 50எஸ். ஏறத்தாழ 1,500 எழுத்துள்ள ஓர் ஆர்.என்.ஏ.வும் இருபது சொச்சம் புரதங்களும் சேர்ந்தது 30எஸ். யேலில் நியூட்ரான் சிதறலைக் கொண்டு, எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். இடம் தெரிந்தது, அணு தெரியவில்லை.

அதற்குப் பின் வந்த காலத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆசிரியர் பணி கேட்டு ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தார், ஒன்றும் கைகூடவில்லை. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் சிறிது காலம், பிறகு 1983 முதல் 1995 வரை புரூக்ஹேவன். பன்னிரண்டு ஆண்டுகள் பெயர் வெளியே தெரியாத உழைப்பு. நியூட்ரான் முறையால் இனி முன்னேற முடியாது என்று உணர்ந்து, நாற்பது வயதை நெருங்கும்போது கேம்பிரிட்ஜில் விடுப்பில் தங்கி, படிகத்தின் வழியே அணுக்களின் இடத்தைக் காட்டும் எக்ஸ் கதிர் படிகவியலைக் கற்றார். 1995இல் யூட்டா பல்கலைக்கழகம் சென்றார். 1999இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்கே குடிபெயர்ந்தார். ஹீமோகுளோபின் ஒன்றையே இருபதாண்டுக்கும் மேல் துரத்திய மாக்ஸ் பெரூட்ஸ் வளர்த்த ஆய்வகம் அது. ஆண்டுதோறும் கட்டுரைக் கணக்குக் கேட்காத இடம் ஒருவருக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்தது. நம் பல்கலைக்கழகங்களை நடத்துவோர் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

ரைபோசோமைப் படிகமாக்க முடியும் என்று 1980 வாக்கிலேயே காட்டியவர் அடா யோனத். அந்தத் துணிவு இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது. 2000 ஆகஸ்டில் ஸ்டைட்ஸ், மூர் குழுவினர் 50எஸ்ஸின் அணுக் கட்டமைப்பை வெளியிட்டார்கள். செப்டம்பரில் 30எஸ்ஸை 3 ஆங்ஸ்ட்ரம் துல்லியத்தில் வெளியிட்டது ராமகிருஷ்ணன் குழு. வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த படிகம் அது. இந்தக் கட்டமைப்புகளில் உள்ள புரதச் சங்கிலிகள் சரியாக மடிந்திருக்கின்றனவா என்று சோதிப்பதற்கு உலகம் முழுவதும் பயன்படுத்தும் வரைபடம், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவர் சகாக்களும் உருவாக்கியது. நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள அது இருக்கிறது.

கட்டமைப்பு கிடைத்ததும் பழைய புதிர் ஒன்று அவிழ்ந்தது. தூது, கடத்து ஆர்.என்.ஏ.க்களின் சரியான எழுத்துச் சேர்க்கைக்கும் தவறானதற்கும் இடையே உள்ள பிணைப்பாற்றல் வேறுபாடு மிகச் சிறியது. அதை மட்டும் நம்பினால் ரைபோசோம் அடிக்கடி தவறு செய்ய வேண்டும். ஆனால் அது தவறுவதோ ஆயிரக்கணக்கில் ஒன்று. எப்படி? 2001இல் விடை வந்தது. 30எஸ்ஸில் உள்ள 16எஸ் ஆர்.என்.ஏ.வில் 1492, 1493 ஆகிய இடங்களில் உள்ள இரண்டு அடினைன்கள் வெளியே புரண்டு, தூது ஆர்.என்.ஏ.வும் கடத்து ஆர்.என்.ஏ.வும் சேரும் பள்ளத்துக்குள் நுழைகின்றன. 530ஆம் இடத்துக் குவானைனும் துணைக்கு வருகிறது. மரப்பொருத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் ஆசாரிபோல, முதல் இரண்டு எழுத்துகளின் சேர்க்கை வடிவத்தில் சரியாக இருக்கிறதா என்று அவை தொட்டுப் பார்க்கின்றன. மூன்றாம் எழுத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. மூன்றாம் எழுத்தில் நெகிழ்வு உண்டு என்று பிரான்சிஸ் கிரிக் 1966இல் ஊகித்ததற்கு அணுவளவில் காரணம் கிடைத்தது.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மழைவெள்ளம் வடிந்ததும் கடலூர் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பயம் வரும். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் எழுதித் தருவார். அந்த மாத்திரை பாக்டீரியாவின் 30எஸ்ஸில் ஒட்டி, கடத்து ஆர்.என்.ஏ. வந்து அமரவேண்டிய இடத்தை மறித்துவிடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டெட்ராசைக்ளின் எங்கே ஒட்டுகிறது என்பதை ராமகிருஷ்ணன் குழு 2000இலேயே படமாக்கியது. காசநோய்க்கு நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து போட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் 30எஸ்ஸில்தான் போய் ஒட்டுகிறது. எழுத்தைத் தவறாகப் படிக்க வைக்கிறது. மருந்துக்குப் பணியாத கிருமி எந்த எழுத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கிறது என்று பார்க்கவும், புது மருந்தை வடிவமைக்கவும் இந்தப் படங்களே அடிப்படை.

2006இல் தூது, கடத்து ஆர்.என்.ஏ.க்களோடு, 30எஸ்ஸும் 50எஸ்ஸும் சேர்ந்த முழு ரைபோசோமான 70எஸ்ஸின் கட்டமைப்பையும் கண்டறிந்தார்கள். பிறகு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, படிகமே இல்லாமல் கட்டமைப்பைக் காண வழி பிறந்தது. அவர் தயங்காமல் அதற்கும் மாறினார். பத்ம விபூஷண், சர் பட்டம், 2015 முதல் 2020 வரை ராயல் சொசைட்டியின் தலைமை எல்லாம் வந்தன. அவற்றை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அவர் குழு கண்ட கட்டமைப்புகள் அனைத்தும் புரதத் தரவு வங்கியில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் 30எஸ்ஸைத் திறந்து, 1492, 1493ஐத் தேடுங்கள். அடுத்து, பாரோமோமைசின் என்ற மருந்து ஒட்டிய கட்டமைப்பைப் பக்கத்தில் வைத்து, அந்த இரண்டு அடினைன்களும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். கண்டதைக் குறிப்பெடுத்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.