சாத்தான்குளத்து மே மாசமும் ஒரு பழைய ப்ராசஸரும்

போன மே மாசம் ஒரு மத்தியானம், சாத்தான்குளத்துல இருந்து என் சித்தி பையன் கூப்பிட்டான். "அண்ணே, நீ குடுத்த கம்ப்யூட்டர் காலைல நல்லா ஓடுது, ராத்திரியும் நல்லா ஓடுது. மத்தியானம் ரெண்டு மணி ஆனா படுத்துருது. பேய் கீய் பிடிச்சிருக்கா?"

சிரிச்சேன். ஆனா அவனுக்கு அது சிரிப்பு இல்ல. கோயில் கொடை, கல்யாணம்னு வீடியோ எடுத்து எடிட் பண்ணிக் குடுக்கிறவன் அவன். அட்வான்ஸ் வாங்கியாச்சு. நாலு மணி நேரத்துல முடியிற ரெண்டர் ஏழு மணி நேரம் இழுக்குது. புது மெஷின் வாங்க கையில காசு இல்ல.

அந்த கம்ப்யூட்டர் நான் காலேஜ்ல படிக்கும்போது செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. உள்ள இருக்கிறது இன்டெல் கோர் ஐ5-2500கே, 2011 ஜனவரில வந்த ப்ராசஸர். கடைசில இருக்கிற 'கே'க்கு அர்த்தம், மல்டிப்ளையருக்குப் பூட்டு இல்ல. 100 மெகாஹெர்ட்ஸ் பெருக்கல் 33, அதாவது 3.3 கிகாஹெர்ட்ஸ். இதுதான் கம்பெனி குடுத்த வேகம். பயாஸ்ல போய் 33-ஐ 44 ஆக்கினா 4.4. அவ்வளவுதான் ஓவர்க்ளாக்கிங். நானும் அப்படித்தான் வச்சுக் குடுத்திருந்தேன், பெருமையா.

போன்லயே டாக்டர் ஆனேன். "தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கும்ல, புதுசு போடு." பழசைத் துடைச்சிட்டு, கடலைப்பருப்பு அளவு வச்சுப் போட்டான். மறுநாள் மத்தியானம் மறுபடி அதே கதை. அந்த வாரக் கடைசில பஸ் ஏறிட்டேன்.

கம்ப்யூட்டர் இருக்கிறது மாடி ரூம்ல. மேல வெறும் கான்கிரீட், பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு இருக்கு. ரூம் டெம்பரேச்சர் 38 டிகிரி. சிபியு பெட்டி, கம்ப்யூட்டர் டேபிளுக்குள்ள அந்தக் கதவு வச்ச பொந்துல உட்கார்ந்திருக்கு. தான் வெளிய விட்ட சூடான காத்தையே திரும்ப இழுத்துக்கிட்டு இருக்கு. திறந்து பார்த்தா, ஹீட்சிங்க் தகடுக்கு நடுவுல செக்கச் செவேல்னு தூசி. நம்ம ஊர்ப் பக்கம் தேரிக்காடு தெரியும்ல? ஆனி, ஆடிக் காத்துல அந்தச் செம்மண் பறந்து வந்து வருஷா வருஷம் உள்ள படிஞ்சிருக்கு.

ரெண்டர் போட்டுப் பார்த்தேன். ஏறி ஏறி 98 டிகிரி. இந்தச் சிப்புக்கு அதுதான் எல்லைக்கோடு. அதைத் தொட்டா தன்னைக் காப்பாத்திக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்போ 4.4-னு பேர்தான், ஓடுறது 3-க்கும் கீழ. பேயும் இல்ல, பிசாசும் இல்ல.

அப்பதான் என் தப்பு உறைச்சது. அந்த 4.4-ஐ நான் டெஸ்ட் பண்ணினது ஒரு ஜனவரி ராத்திரி. ரூம் 25 டிகிரி, சிப் 74. "சூப்பர்"னு மூடி வச்சுட்டேன். நான் பார்த்திருக்க வேண்டியது 74-ஐ இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 49-ஐ. கூலரும் வேலையும் மாறாத வரைக்கும் அந்த வித்தியாசம் பெருசா மாறாது. ரூம் 38 ஆனா சிப் 87. தூசியும் மூடின பொந்தும் சேர்ந்தா 98. யூடியூப்ல யாரோ குளிர் நாட்டுல இருந்து "என் சிப் 65 தாண்டாது"ன்னு சொல்றதை அப்படியே நம்பாதீங்க. முதல்ல அவர் ரூம் எத்தனை டிகிரின்னு கேளுங்க.

"அப்போ இன்னொரு ஃபேன் வைப்போமா அண்ணே?"ன்னான். நல்ல கேள்வி. ஃபேன் காத்து நமக்குக் குளிருதுன்னா, நம்ம வேர்வை ஆவியாகுது. மண்பானைத் தண்ணி சில்லுன்னு இருக்கிறதும் அதே கதைதான். சிப்புக்கு வேர்க்காதே! ஃபேன் அதோட சூட்டை ரூம் காத்துக்குக் கடத்தும், அவ்வளவுதான். நூறு ஃபேன் வச்சாலும் ரூமை விடக் குளிராது.

சரி, அப்போ சூட்டை உண்டாக்கிற இடத்துலயே கை வைக்கணும். சிப் இழுக்கிற பவர் தோராயமா வேகத்தோட நேரா ஏறும். ஆனா வோல்டேஜோட வர்க்கமா, அதாவது ஸ்கொயரா ஏறும். 3.3-க்கு 1.2 வோல்ட்னு வச்சுக்கோங்க. 4.4-ல நிலையா ஓட நான் 1.36 குடுத்திருந்தேன். கணக்குப் போட்டா வேகம் 33 சதவீதம் கூட, சூடு 70 சதவீதம் கூட.

4.0-க்கு இறக்கினேன். அதுக்கு 1.22 வோல்ட் போதுமா இருந்துச்சு. வேகத்துல போனது 9 சதவீதம். சூட்டுல போனது கால்வாசிக்கும் மேல!

பெட்டியைப் பொந்துல இருந்து எடுத்து, ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல் மேல வச்சோம். தூசியைப் பிரஷ், ப்ளோயர் வச்சு எடுத்தோம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைக் கையால பிடிச்சுக்கோங்க, சுத்த விட்டா பேரிங் போயிரும். முன்பக்க ஃபேன் உள்ள இழுக்குதா, பின்பக்க ஃபேன் வெளிய தள்ளுதான்னு ஒரு பேப்பர் துண்டைப் பிடிச்சுப் பார்த்தோம்.

அப்புறம் வேணும்னே மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெண்டர் போட்டோம். ரூம் அதே 38. சிப் 74! ஜனவரில பார்த்த அதே நம்பர். வேலை நாலரை மணி நேரத்துல முடிஞ்சது. கொடை வீடியோவைச் சொன்ன தேதிக்குக் குடுத்துட்டான்.

சித்தி மட்டும் ஒண்ணு கேட்டாங்க: "ஏன்டா, இஞ்சினியரிங் படிச்சிட்டு வேகத்தைக் குறைக்கவா இவ்வளவு தூரம் வந்த?"

ஆமா சித்தி. பழைய சிப்போட வேகத்தை முடிவு பண்றது பயாஸ்ல நான் போடுற நம்பர் மட்டும் இல்ல, அது இருக்கிற ரூமும்தான். அதனால மக்களே, உங்க ஓவர்க்ளாக்கை ஜனவரி ராத்திரில டெஸ்ட் பண்ணாதீங்க. மே மாசம், மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஃபுல் லோட்ல பண்ணுங்க. அதுல பாஸானா வருஷம் பூரா தைரியமா ஓட்டலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிக் காத்து அடங்கினதும் பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்க.

உங்க ரூம் எத்தனை டிகிரி, உங்க சிப் எத்தனை டிகிரி? ரெண்டையும் குறிச்சு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம். வரட்டா!