முதல் ராத்திரி விழித்திருங்கள்

பெண் பூனைக்கு 4, 5 மாதமானாலே சினை பிடித்துவிடும். 9 வாரத்தில் குட்டிகள். அவை பால் மறக்கும் முன்பே தாய் மறுபடி சினையாகலாம். உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்கிறேன். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் அதோடு போகும்.

அறுவை சிகிச்சையின்போது மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆகவே டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து சாப்பாடு கிடையாது. காலையில் பூனை காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும், மனசு கேட்காது. ஆனாலும் ஒரு மீன் துண்டுகூட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரிதான் முக்கியம். தள்ளாடும், ஆனாலும் பீரோ மேல் தாவப் பார்க்கும். எங்கள் பூனைக்குச் சின்ன அறையில், தரையில், பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டோம். உடம்பு சில்லிட்டுப் போகும். மின்விசிறிக்கு நேரே படுக்க வைக்காதீர்கள்.

பூனையின் நாக்கு அரம் மாதிரி. 10 முதல் 14 நாள் வரை தையலை நக்க விடாமல் கழுத்தில் புனல் காலர் இருக்கட்டும். குளிப்பாட்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். டாக்டர் தரும் வலி மருந்து மட்டும்தான்.

மறுநாளும் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, தையலில் ரத்தமோ சீழோ கசிந்தாலோ, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.