இரண்டு சீட்டுகள்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நாம் வாக்குப் பெட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இரண்டிற்கும் உள்ள தொடர்பு போகப்போக விளங்கும்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாக்குரிமை பெரிதும் சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே உரியதாயிருந்தது. சேரிகளில் வாழ்ந்த நம் பாட்டன்மாருள் அதனைப் பெற்றோர் மிகச் சிலரே. 1951-52 பொதுத் தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் ஒருங்கே வாக்களித்தனர்.

அந்நாளில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. ஆகவே வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப் பெட்டி வைத்துச் சின்னத்தை ஒட்டினர். சீட்டில் பெயருமில்லை, சின்னமுமில்லை. மறைப்புக்குள் சென்று விரும்பிய பெட்டியில் இடவேண்டும். பண்ணையார் முன் கைகட்டி நின்றே பழகியவர்க்கு, எவர் கண்ணும் படாமல் நின்று முடிவு செய்ய வாய்த்த இடம் அம்மறைப்பேயாகும்.

ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய இடங்கள் பெரும்பாலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் பொது இடத்தோடு இணைந்திருந்தன. வாக்காளர்க்கு இரண்டு சீட்டுகள். இரண்டையும் ஒருவர்க்கே அளித்தால் ஒன்று செல்லாது. பம்பாயில் அத்தகைய தொகுதியொன்றில் 1952இல் அண்ணல் அம்பேத்கர் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். அங்கே கணக்கில் சேராது ஒதுக்கப்பட்ட சீட்டுகளோ 70 ஆயிரத்தைத் தாண்டின! அதனை எதிர்த்து அவரும் அசோக் மேத்தாவும் வழக்குத் தொடுத்தனர், பயனில்லை.

1957இல் ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் நேர்ந்தது வேறு. அங்கே ஓரிடம் பழங்குடியினர்க்கு உரியது. மிகுதியான வாக்குகள் பெற்ற இருவருமே பழங்குடியினர். பொது இடமும் அவர்களுக்கே சென்றது. தோல்வியுற்ற வி.வி. கிரி வழக்காடினார். ஒதுக்கீட்டுக்குரியவர் பொது இடத்திலும் வெல்லலாம் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961இல் இரட்டைத் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன. தொகுதி மிகப் பெரிது என்றனர், அதுவும் உண்மையே. ஆனால் எந்தத் தீர்ப்புக்குப் பின் அச்சட்டம் வந்தது என்பதையும் நாம் சேர்த்தே நினைக்கிறோம்.

1962இல் தனிப் பெட்டிகள் போய், சின்னங்கள் அனைத்தும் அச்சிட்ட ஒரே சீட்டு வந்தது. நம் முதியோர் மருண்டனர். பள்ளி சென்ற பிள்ளைகள் தெருமண்ணில் கட்டங்கள் கீறி, முத்திரை எங்கே விழவேண்டும், கோட்டின்மேல் விழுந்தால் என்னாகும் என்று தம் பாட்டிமார்க்கு விளக்கிக் காட்டினர்.