குணமான பின்னும் மாத்திரையா?

(சிட்லபாக்கத்தில் ஆதரவாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



வார்டுகளில் ஜெபிக்கப் போகும் எங்களிடம் குடும்பத்தார் முதலில் கேட்பது, "ஐயரே, கரண்ட் ஷாக் கொடுக்கச் சம்மதிக்கலாமா?" என்பதே. சில வாரம் கழித்து, "இப்போது நன்றாயிருக்கிறாரே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்கிறார்கள். எங்களுக்கு அதிக விசாரம் தருவது இந்த இரண்டாவது கேள்வி.

1938-ல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்னும் வைத்தியர்கள் தொடங்கிய சிகிச்சை இது. இன்று சினிமாவில் காட்டுகிறபடி கட்டிப்போட்டுச் செய்வதில்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இன்றிச் செய்வதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. மின்சாரம் பாய்வது சில விநாடிகளே. பொதுவாக வாரம் இரண்டு மூன்று தடவையாக, 6 முதல் 12 தடவை கொடுப்பார்கள். ஞாபகம் கொஞ்சம் மங்கும். பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதில்லை. அதை மறைக்கலாகாது. ஆனாலும் மனச்சோர்வு முற்றி, அன்னம் தண்ணீரைத் தள்ளி, சாவையே நாடுகிறவர், பலன் தர வாரக்கணக்காகும் மாத்திரைக்காக மட்டும் காத்திருக்க முடியாது.

அப்படி எழுந்தவர் மறுபடி விழாதிருக்கவே மாத்திரை. அமெரிக்காவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், இச்சிகிச்சையால் குணமடைந்தவர்களை மூன்று பிரிவாகக் கவனித்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 84 பேருக்குச் சோர்வு திரும்பியது. நார்ட்ரிப்டிலின் பெற்றவர்களில் 60 பேர். அதோடு லித்தியமும் பெற்றவர்களில் 39 பேர். 39-ம் அதிகந்தான், ஆனால் 84 அல்லவே.

நம் சபைகளில் நல்ல மனதோடேயே, "ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?" என்கிறார்கள். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்திருந்த எலியாவைத் தேவதூதன் தட்டியெழுப்பி அப்பம் கொடுத்தான். அவன் புசித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரமும் வந்தான். அதன்பின்தான் நாற்பது நாள் பிரயாணம். அந்த இரண்டாம் போஜனத்தை அவிசுவாசம் என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லக் கேட்டதில்லை.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது நெடுநாள் வழக்கம். மாத்திரையின் அவசியத்தை வீட்டார் அங்கேயே கற்றுக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் வீடு திரும்புகிறவர்களுக்கோ, மாதாமாதம் மாத்திரைச் செலவு, லித்தியம் எடுப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனை, தாம்பரம் வந்துபோகப் பஸ் கட்டணம் எல்லாம் இருக்கிறது. கூலிவேலைக் குடும்பங்களில் முதலில் நின்றுபோவது மாத்திரைதான். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கென்று குறித்து அனுப்பும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.