நிரை கட்ட முடியாத எண்

சில நாள்களுக்கு முன் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, நான் மூன்றாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போனவள். என் மகளுக்குக் கணக்கில் நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பன்னிரண்டு ரப்பர்க் கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிரைக்கு நான்காக மூன்று நிரை வைக்கலாம். நிரைக்கு ஆறாக இரண்டு நிரையும் வைக்கலாம். இன்னும் ஒரு கொட்டையைச் சேர்த்துப் பாருங்கள். பதின்மூன்றை எப்படி அடுக்கினாலும் நிரைகள் சமமாக வாரா. ஒரே நீண்ட நிரையாகத்தான் வைக்கலாம். இப்படிப்பட்ட எண்ணே பகா எண்.

இனி ஒரு வேடிக்கை. இரண்டை இரண்டு தடவை பெருக்கினால் 4. ஒன்றைக் கழித்தால் 3. மூன்று தடவை பெருக்கிக் கழித்தால் 7. ஐந்து தடவைக்கு 31. ஏழு தடவைக்கு 127. 2, 3, 5, 7 ஆகிய நான்கும் பகா எண்கள். வந்த விடைகளும் பகா எண்களே. அடுத்த பகா எண் 11. அதற்கும் அப்படித்தான் வரும் என்று தோன்றுகிறதல்லவா? வருவது 2047. அதுவோ 23ஐ 89ஆல் பெருக்கினால் கிடைக்கும் எண்! நான்கு முறை சரியாக வந்ததால் ஐந்தாம் முறையும் வரும் என்று நம்பிவிடக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,147,483,647 வரும். அதாவது, 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. இதை எப்படிச் சோதிப்பது? நிரைகளாகப் பிரிக்க முடியுமானால், நிரைகளின் எண்ணிக்கையோ, ஒரு நிரையில் உள்ள எண்ணிக்கையோ, இரண்டில் ஒன்று 46,340ஐத் தாண்டாது. ஆகவே அதுவரை பார்த்தால் போதும்.

ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை அந்த வேலையையும் குறைத்தார். இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வர வேண்டும் என்று கண்டார். மற்றவற்றைத் தொடவே வேண்டியதில்லை. நாற்பத்தாறாயிரம் வகுத்தல்கள் நானூறுக்கும் கீழே இறங்கின. ஒன்றும் சரியாக வகுக்கவில்லை. அது பகா எண்ணே என்று 1772ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார்.

அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. ஒரு கண்ணின் பார்வை இளமையிலேயே கெட்டிருந்தது. மறு கண்ணும் ஏறக்குறைய இருண்டுவிட்டது. அவர் வாயால் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள்.

2024ஆம் ஆண்டில் கணினிகளின் உதவியால் நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் இரண்டைப் பலமுறை பெருக்கி ஒன்றைக் கழித்து வந்ததே. இயந்திரம் பெரிதாயிற்று, வழி மாறவில்லை.

பெற்றோர்களே, இன்றிரவு ஒரு கை ரப்பர்க் கொட்டைகளைப் பிள்ளையின் முன் கொட்டுங்கள். "இதை நிரை கட்ட முடியுமா?" என்று கேளுங்கள். "முடியாது" என்று பிள்ளை சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விதான் கணிதம். அதைக் கேட்க மூன்றாம் வகுப்புப் படிப்பே போதும்.