பிள்ளைகள் பெற்ற பரிசும் பெரியவர்கள் செய்யும் கேலியும்

(எலப்புள்ளியில் நடந்த மாணவர் பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் ஊருக்கு ஊர் தட்டி வைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம், கேடயம் கொடுக்கிறோம். மறுநாளே டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்புகிறது: "இந்தக் காலத்தில் யார் எழுதினாலும் ஏ பிளஸ்தான்!" இது நியாயமான பேச்சா என்று இன்று யோசித்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2020இல் கேரளத்தில் எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்றவர்கள் 41,906 பேர். 2021இல் முடிவு வெளியானபோது அது 1,21,318. 2022இல் மறுபடியும் 44,363. நடுவில் வந்த 2021 கணக்கு தேசிய அளவில் வேடிக்கையாகிவிட்டது என்று மறு ஆண்டு கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டியே சொன்னார்.

ஒரே ஆண்டில் பிள்ளைகளின் அறிவு மும்மடங்கு பெருகி, அடுத்த ஆண்டு சுருங்கிவிடுமா? இல்லை. மாறியது தேர்வு முறை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. முக்கியப் பாடப்பகுதி எது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எழுத வேண்டியதைவிட அதிகக் கேள்விகள் கொடுத்து, தெரிந்ததை எழுதச் சொன்னார்கள். அன்றைய நிலைமையில் அது தேவையாகவும் இருந்தது. ஆனால் அந்த விதியை வகுத்தவர்கள் பெரியவர்கள். விதிப்படி எழுதிய பிள்ளையைக் கேலி செய்வது எந்த ஊர் நியாயம்?

அந்த ஆண்டை நம் குடும்பங்கள் மறக்க முடியாது. வகுப்பு தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நடந்தது. ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். இடுக்கி தேயிலைத் தோட்டங்களில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். அப்படிப் படித்த பிள்ளைக்கும், தனி அறையும் டியூஷனும் உள்ள பிள்ளைக்கும் ஒரே ஏ பிளஸ். இதில் யார் தகுதியை யார் சந்தேகிப்பது?

அதற்காக மதிப்பெண்ணே வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. 90 வாங்கினாலும் 100 வாங்கினாலும் ஏ பிளஸ்தான். நூறு மதிப்பெண் பாடத்தில் 20 பள்ளியே போடுவது. மிச்சம் 80தான் எழுத்துத் தேர்வு. மொத்தத்தில் 30 வந்தால் தேர்ச்சி என்றுதான் இருந்தது. அப்படியானால் பள்ளி இருபதும் போட்டுவிட்டால், எழுத்துத் தேர்வில் பத்தே எடுத்த பிள்ளையும் கரையேற முடிந்தது. அதனால்தான் எழுத்துத் தேர்வில் தனியாக 30 சதவீதம் வேண்டும் என்று 2024இல் அரசு முடிவு செய்து, எட்டாம் வகுப்பில் தொடங்கியது. தரம் உயரட்டும், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சித்தூரிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியரும் பாடநூலும் காலத்தில் கிடைக்கவேண்டும். அதைக் கொடுக்காமல் அளவுகோலை மட்டும் உயர்த்தினால், தண்டனை ஏழைப் பிள்ளைக்குத்தான்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். கேடயத்தை அலமாரியில் வைத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. 2021இல் முழு ஏ பிளஸ் பெற்ற பிள்ளைகளிலேயே பலர் பிளஸ் ஒன் முதல் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் தவித்தார்கள். உங்கள் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறானா, ஒரு விண்ணப்பத்தைத் தானே எழுதுகிறாளா என்று பாருங்கள். குறை தெரிந்தால் திட்டாதீர்கள்; பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் கேளுங்கள். பி.டி.ஏ. கூட்டத்துக்கு ஒருநாள் கூலி போனாலும் போகட்டும்.

சங்கத் தோழர்களுக்கு என் யோசனை இது: முழு ஏ பிளஸுக்கு மட்டும் மேடை போடாதீர்கள். விடுமுறையில் வேலைக்குப் போய்க்கொண்டே தேறிய பிள்ளையையும், சென்ற ஆண்டு தவறி இந்த ஆண்டு வென்ற பிள்ளையையும் இதே மேடைக்கு அழையுங்கள்.

செல்வங்களே, இந்தப் பரிசு உங்களுடையது. தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பு திங்களன்றே தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.