மலைமேல் நின்றுபோன உளி

(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 14:25-33. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



எங்கள் தேங்காய்த்திட்டில் மலை இல்லை. ஆறு உண்டு, கழி உண்டு, கடல் உண்டு. ஆனாலும் மலை எங்களைத் தேடி வந்திருக்கிறது. துறைமுக முகத்துவாரத்தில் அலையைத் தாங்கப் போட்டிருக்கும் கருங்கற்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மலையின் உடம்பிலிருந்து பிரிந்து வந்தவை. மலையை உடைத்துக் கொண்டுவந்து கரை கட்டுவது ஒரு வேலை. மலையை அதன் இடத்திலேயே நிற்கவைத்து, அதற்குள்ளிருந்து ஓர் உருவத்தை எடுப்பது வேறொரு வேலை. அந்த இரண்டாவது வேலையைப் பற்றி இன்று கொஞ்சம் சிந்திப்போம். இன்றைய நற்செய்தியைப் புரிந்துகொள்ள அது நமக்கு உதவும்.

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலை இருக்கிறது. அங்கே வெட்டுவான் கோயில் என்று ஒரு கோயில். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலையையே குடைந்து செய்தது. நாம் வீடு கட்டினால் கடைக்கால் முதலில், தளம் கடைசியில். அங்கே எல்லாம் தலைகீழ். மலையின்மேல் சதுரமாகக் கோடு போட்டு, சுற்றிலும் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்தார்கள். நடுவில் நின்ற பாறையில் சிகரத்தை முதலில் செதுக்கினார்கள். பிறகு மேலிருந்து கீழே இறங்கிவந்தார்கள்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவையும் இப்படி மேலிருந்து கீழாகச் செதுக்கியவைதான். இந்த வேலையில் செங்கல் இல்லை, சாந்து இல்லை. சேர்ப்பது என்று எதுவும் கிடையாது. எடுப்பது மட்டுமே. ஒரு சிலையின் மூக்கு உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. ஒவ்வோர் அடியும் திரும்பப் பெற முடியாத அடி.

ஆனால் வெட்டுவான் கோயில் முடியவில்லை. மேலே தெய்வ உருவங்களும் பூதகணங்களும் நந்திகளும் உயிரோடு இருப்பதுபோல் இருக்கின்றன. கீழே வந்தால் வெறும் பாறை. 1200 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

ஏன் நின்றது? அந்த வட்டாரத்து மக்கள் ஒரு கதை சொல்வார்கள். இதை வரலாறாக அல்ல, கதையாகவே கேட்போம். தந்தையும் மகனும் சிற்பிகள். தந்தை மலைமேல் வேலை செய்தார், மகன் கீழே வேலை செய்தான். மகனுடைய வேலை முந்திவிட்டது. மகனை ஊர் புகழ்ந்தது. தந்தையால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த கருவியாலேயே மகனைக் கொன்றுவிட்டார். அதன்பின் அந்தக் கை வேலை செய்யவில்லை. கோயில் பாதியில் நின்றது.

அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியிலும் பாதியில் நின்ற ஒரு கட்டடம் வருகிறது. ஒருவன் கோபுரம் கட்ட அடித்தளம் போட்டான், முடிக்க முடியவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். கட்டத் தொடங்கும் முன் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்கிறார். இதுவரை நமக்கு எளிதாகப் புரிகிறது. ஆனால் இதே பகுதியின் கடைசியில் அவர் என்ன சொல்கிறார்? தன் உடைமையையெல்லாம் விட்டுவிடாத எவரும் தம் சீடராக இருக்க முடியாது என்கிறார். இங்கேதான் நமக்கு இடிக்கிறது. கோபுரம் கட்ட வேண்டுமானால் சேர்க்க வேண்டும். இவரோ விடச் சொல்கிறார். விட்டுவிட்டு எதை வைத்துக் கட்டுவது?

மலைச் சிற்பியிடம் கேட்டால் பதில் கிடைக்கும். அவன் கட்டுவதே விடுவதால்தான். அவனுடைய கணக்கில் வரவு என்ற பக்கம் இல்லை. எவ்வளவு எடுத்தானோ அவ்வளவு கோயில். சீடருடைய வாழ்வு இந்த வகைக் கட்டடம். நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டவர் கேட்கவில்லை. எவ்வளவை விட முடியும் என்று பார்த்துவிட்டு வா என்கிறார். அந்தக் கதைத் தந்தை மலையிலிருந்து வண்டி வண்டியாகக் கல்லை எடுத்தார். ‘நான்தான் முதல்’ என்ற ஒரு கல்லை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை.

இன்னொரு தந்தையையும் மகனையும் பார்ப்போம். அமெரிக்காவில் ரஷ்மோர் மலையில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர்கள் நால்வரின் முகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முகமும் 60 அடி உயரம். 1927 முதல் 1941 வரை ஏறத்தாழ 400 தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். தலைமைச் சிற்பி குட்சன் போர்க்ளம். ஜெஃபர்சன் முகத்தை முதலில் வாஷிங்டனின் ஒரு பக்கத்தில் செதுக்கத் தொடங்கினார்கள். பல மாத உழைப்புக்குப் பிறகு அந்த இடத்துப் பாறை சரியில்லை என்று தெரிந்தது. செய்தவரைக்கும் போதும் என்று சமாளிக்கவில்லை. வெடிவைத்து அந்த முகத்தைத் தகர்த்துவிட்டு, மறுபக்கத்தில் புதிதாகத் தொடங்கினார்கள். 1941 மார்ச்சில் தந்தை இறந்தார். மகன் லிங்கன் அந்த வேலையை ஏற்று, அதே ஆண்டு அக்டோபரில் நிறைவுசெய்தார். இடுப்புவரை செதுக்க நினைத்தது முகங்களோடு நின்றது. தந்தையின் பெரிய கனவை வைத்துக்கொண்டு மகன் அடம்பிடிக்கவில்லை.

ஆனால் அந்த மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது லக்கோட்டா என்னும் பழங்குடி மக்களின் புனித நிலம். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அவர்களுக்கு உறுதி கொடுத்துவிட்டு, பிறகு பறித்துக்கொண்டார்கள். இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. பணம் வேண்டாம், நிலம்தான் வேண்டும் என்று அந்த மக்கள் இன்றும் நிற்கிறார்கள். ஆகவே கணக்குப் பார்க்கும்போது இதையும் பார்க்க வேண்டும்: விடுவது நாமா, அல்லது நமக்காக வேறு யாரையாவது விடச் செய்கிறோமா? அடுத்தவர் இழப்பில் எழும் கோபுரத்தை ஆண்டவர் கேட்கவில்லை.

இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், மாதாவுக்குக் கெபி கட்டத் தொடங்கினோம். பணம் வந்தது, கல் வந்தது, ஆள் வந்தது. மேடையும் எழுந்தது. அப்போது கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெரியவர்கள் ஒரு பக்கம், இளைஞர்கள் ஒரு பக்கம். பங்குச் சாமியார் பெயர் எங்கே வர வேண்டும் என்பதும் அந்தச் சண்டையில் ஒன்றாக இருந்தது. ‘எங்கள் பெயரே வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே அது முடிந்திருக்கும். நாங்கள் சொல்லவில்லை. வேலை நின்றது. சுரூபம் சக்கிறிஸ்தில் சாக்குத் துணிக்குள் கிடந்தது. வெறும் மேடையில் ஒரு மூதாட்டி மட்டும் சனிக்கிழமைதோறும் மெழுகுதிரி ஏற்றுவார். மாற்றல் வந்து விடைபெற்ற நாளில் அவர் கேட்டார்: “சாமி, மாதாவை எப்ப வெளிய கொண்டாருவீங்க?” பதில் சொல்லத் தெரியாமல் வண்டியில் ஏறினோம். அந்தக் கேள்வி இன்றும் எங்களோடு வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது பாதியில் நிற்கிறதா? அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் மேல்தளம் போடாமல் நிற்கும் வீடு, கூட்டுக்காரர் சண்டையில் கரையிலேயே கிடக்கும் படகு, மகனிடம் பொறுப்பைக் கொடுக்க மனம் வராத தகப்பன், தகப்பனிடம் பேசி மாதங்களான மகன்... பணம் பற்றாமல் நின்றவை இவற்றில் எத்தனை? மனம் விட்டுக்கொடுக்காமல் நின்றவை எத்தனை? உட்கார்ந்து பாருங்கள். ஆண்டவர் சொன்ன கணக்கு அதுதான்.

இறுதியாக, பாறையில் வேலை செய்வித்த ஒருவரை நற்செய்தியில் சந்திக்கிறோம். அரிமத்தியா ஊர் யோசேப்பு. தமக்கென்று பாறையில் கல்லறை வெட்டி வைத்திருந்தார். எவ்வளவு செலவு, எத்தனை நாள் உழைப்பு! வெள்ளிக்கிழமை மாலை அதை ஆண்டவருக்கு விட்டுக்கொடுத்தார். விட்ட அந்த இடத்திலிருந்துதான் உயிர்ப்பு வெளியே வந்தது.

இந்த வாரம் ஒரே ஒரு கல்லை எடுப்போம். யாரிடம் ‘நீங்களே முதல்ல இருங்க’ என்று சொல்ல நமக்குக் கசக்கிறதோ, அவரிடம் போய் அதைச் சொல்வோம். நம் கல் நெஞ்சை எடுத்துவிட்டுச் சதை நெஞ்சைத் தருவதாக எசேக்கியேல் வழியாக வாக்களித்த இறைவன், நின்றுபோன உளியை மீண்டும் நம் கையில் தருவார். எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.